அருள்நாதன் விழுந்த மூன்றாவது ரவுண்டு

குத்துச்சண்டை வீரர் தைரியராஜைப் பற்றி யாராவது என்னிடம் பெருமை பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த 1941-இல் திருச்சியில் பேசாதவர் யார்? டீக்கடையில் அவன் படம், சலூனில் அவன் படம். கொழும்பில் மூன்று பேரைச் சாய்த்தானாம், பெங்களூரில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மூக்கை உடைத்தானாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு வருஷத்துக்கு முன்னால் உறையூர்க் கொட்டகையில் அருள்நாதனை மூன்றாவது ரவுண்டில் ஒரே குத்தில் வீழ்த்தினானாம். அந்தக் குத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

அருள்நாதனை விழுந்தவர் என்று மட்டும்தான் ஊருக்குத் தெரியும். எனக்கு அவர் அருளண்ணன், அவருக்கு நான் செல்லக்கண்ணு. பாலக்கரையில் அரிசி மில் பாய்லர்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் சம்மட்டி அடித்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியின் தலைமேல் நான் இரும்பு அச்சைப் பிடிப்பேன், அவர் அடிப்பார். பன்னிரண்டு வருஷம் அந்தச் சத்தத்தில் நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மணல் மூட்டையைக் குத்திப் பழகுவார். ஏழு சண்டை போட்டு ஏழிலும் ஜெயித்தவர்.

பட்டறையில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அச்சுப் பிடிப்பவன் இடது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினால் சம்மட்டி அங்கேயே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது. அருளண்ணனுக்கு அது உடம்பிலேயே ஊறிவிட்டது. வீட்டில் வியாகுலம்மாள் அண்ணி பரணிலிருந்து பானை எடுக்கக் கையைத் தூக்கினால்கூட, இவர் வாயருகே கொண்டுபோன சோறு அப்படியே நின்றுவிடும். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தைரியராஜும் எங்கள் பட்டறையில் எட்டு மாதம் அச்சுப் பிடித்தவன்தான். இதை ஒரு பத்திரிகையும் எழுதவில்லை.

உறையூரில் ஜெயிப்பவனைக் கொழும்புக்கு அனுப்புவதாகப் பேச்சு. பொன்மலையிலிருந்து ரயில்வே ஆட்கள் சைக்கிளில் சாரிசாரியாக வந்திருந்தார்கள். அண்ணன் பக்கத்து மூலையில் தண்ணீர் வாளியோடு நான் நின்றேன். முதல் இரண்டு ரவுண்டும் அண்ணன் கைதான் ஓங்கியிருந்தது. மூன்றாவதில் அவனைக் கயிற்றோடு சேர்த்து நெருக்கிவிட்டார். அப்போது தைரியராஜ் இடது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினான். அண்ணனின் இரண்டு கைகளும் கீழே இறங்கின. அவனுடைய வலது கை தாடையில் விழுந்தது. கொட்டகையே எழுந்து கத்தியது. எங்கள் பட்டறை ஆட்கள் இருந்த பெஞ்சுகளில் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே அச்சு வழுக்கியது. நான் இடது கையைத் தூக்கிவிட்டு வலது கையால் அதைச் சரிசெய்யப் போனேன். அண்ணன் என் கையைப் பார்த்தார், ஆனாலும் சம்மட்டி இறங்கியது. எனக்கு இரண்டு விரல்கள் போயின. தாடையில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை, தலை சுற்றியிருக்கும் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன்.  அண்ணன் அன்றோடு சம்மட்டியையும் விட்டார், சண்டையையும் விட்டார். வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கப் போய்விட்டார்.

போன மாதம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது சைக்கிள் கடை ஜெகபர் சாதிக் வந்தார். தைரியராஜுக்குப் பாராட்டு விழாவாம், அருளண்ணன் மேடையேறி மாலை போட வேண்டுமாம். நான் சண்டைக்குப் போய்விட்டேன். அவன் கையைத் தூக்கியது ஏமாற்று என்றேன். கூட்டத்தைப் பார்த்துத் தூக்கினார், அது அவர் ஸ்டைல் என்றார் சாதிக். அவனைப் பற்றி வந்த ஒவ்வொரு செய்தியையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கும் மனிதர் அவர். வேறு எந்தச் சண்டையிலாவது அவன் அப்படிக் கையைத் தூக்கியதாகக் காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். 

"சரி, அந்த ஒண்ணை விடுங்க. மீதி இருபது சண்டையும் பொய்யா?" என்றார் சாதிக்.

பொய் இல்லைதான். தைரியராஜின் கால் வேகம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த இருபதும் யாருக்கு வந்திருக்க வேண்டியவை? கொழும்புக் கப்பலில் யார் ஏறியிருக்க வேண்டும்? திருடிய விதைநெல்லில் விளைந்ததை மகசூல் என்று கொண்டாடச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அருளண்ணன், வருகிறேன் என்று தலையாட்டிவிட்டார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாலை போடுவதாக இருந்தால் உண்மையையும் சொல்லிவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று காதருகே கத்திவிட்டு வந்தேன்.

விழா அன்று கொட்டகை நிறைந்திருந்தது. அண்ணன் மாலை போட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் கூட்டத்தைப் பார்க்காமல் தைரியராஜைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நீ நல்லா ஆடுவே. அன்னைக்கு நீ கையைத் தூக்கினே, நான் நிறுத்தினேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. அப்புறம் செல்லக்கண்ணு கையைத் தூக்கினான். இதுவும் பொய்யா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சிட்டேன். அவனுக்கு ரெண்டு விரல் போச்சு."

எட்டு வருஷமாக அவர் எனக்குச் சொல்லாதது அது.  தைரியராஜ் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, பழைய எதிராளி ஏதோ வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அண்ணன் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரொம்ப சத்தமா பேசிட்டேனாடா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, எவனுக்குமே கேக்கல" என்று அவர் காதில் கத்தினேன். கைதட்டல் நின்று கொட்டகையே திரும்பிப் பார்த்தது. மூன்று விரல் மிஞ்சிய என் கையை அவர் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "திரும்பப் போய், எல்லாருக்கும் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றேன்.