மொட்டைக் கார்டினல்

எங்கள் தெருவில் ஆர்டித்தின் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் இந்தச் சின்ன ஊர்ப் பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சோறு போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு அந்த அதிகாரம் கொல்லைப்புறத்துக்கு வரும் கார்டினல் என்ற கொண்டைப் பறவை ஜோடியின் மேல் திரும்பியது.

விடியும்போதே ஆண் பறவை மேப்பிள் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து நீளமாகச் சீட்டியடிக்கும். உடனே அவள் கணவன் மெர்லை உலுக்குவாள். அவருக்குக் காது மந்தம். கேட்டதாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பார். ஒருநாள் ஆண் பறவை விதையை உடைத்துப் பெண் பறவைக்கு ஊட்டுவதைக் காட்டி, "பாத்தீங்களா, எப்படிக் கவனிச்சுக்கிறான்" என்றாளாம். மெர்ல், "அவளுக்குக் கை இல்ல. உனக்கு இருக்கே" என்றாராம்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, சிவப்பு உடம்பும் கரிய மொட்டைத் தலையுமாக அந்த ஆண் பறவை, ஆர்டித் விதை போட்டுவைக்கும் தீனிப்பெட்டிக்கு வந்தது. கொண்டையைக் காணோம். குட்டிப் பிணந்தின்னிக் கழுகு மாதிரி இருந்தது. ஆர்டித் காபியைக் கீழே கொட்டிவிட்டாள்.

பழி பக்கத்து வீட்டு டுவெய்னின் மேல் விழுந்தது. மனைவி போன பிறகு அந்த மனுஷனுக்குப் புல்வெளிதான் உலகம். வாரம் தவறாமல் களைமருந்து அடிப்பார். ஆர்டித் வேலியோரம் நின்று, "டுவெய்ன், உன் மருந்துதான் அவன் தலையைத் தின்னுடுச்சு" என்றாள். தெருவே கேட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரில் ஊர்க் கண்காட்சி. பறவைச் சங்கத்துக்காரரின் மேசையில் ஆர்டித் வழக்கை விவரித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோடை முடிவில் சில கார்டினல்களுக்குத் தலை இறகு மொத்தமும் ஒரே நேரத்தில் உதிரும், சில வாரத்தில் முளைத்துவிடும், யார் மேலும் குற்றமில்லை என்றார். மெர்ல் தொப்பியைக் கழற்றி, தனக்கும் முளைக்குமா என்று கேட்டார்.

  மறுநாள் ஆர்டித் ஆப்பிள் கேக் சுட்டு, துணைக்கு எதிர்வீட்டிலிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு டுவெய்ன் வீட்டுக்குப் போனாள்.

"நான் சொன்னது தப்பு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அதற்குமுன் நான் கேட்டதில்லை.

டுவெய்ன் கேக்கை வாங்கிக்கொண்டார். "அன்னையிலேர்ந்து மருந்தத் தொடல, புல்லும் வெட்டல. மனசு கேக்கல. பின்னாடி வந்து பாருங்க."

பின்பக்கம் புல் முழங்கால் உயரம். நடுவே புத்தம்புதுத் தீனிப்பெட்டி, உயர்ந்த ரக விதை. அதில் நம் மொட்டையனும் மனைவியும் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக அவை ஏன் தன் பெட்டிக்கு வரவில்லை என்று ஆர்டித்துக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்தது. திட்டப் போகிறாள் என்று நான் ஓரடி பின்வாங்கினேன்.

"ஒரு நாற்காலி கொண்டா" என்றாள்.

அக்டோபரில் கொண்டை முளைத்தது. பறவைகள் திரும்பவில்லை, அவள்தான் தினமும் காபியோடு டுவெய்ன் கொல்லைக்குப் போனாள். பிப்ரவரியில் பனி மூடிய ஒரு காலை, குளிர்காலமெல்லாம் பாடாதிருந்த கார்டினலின் அந்த வருஷத்து முதல் பாட்டு கேட்டதும் டுவெய்ன் அவளுக்குத்தான் போன் செய்தார். இரவு உடையின் மேல் மெர்லின் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பனியில் ஓடியதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.