இடம் மாறிய இரண்டு படங்கள்

என் அக்காவின் கணவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரையும் மேடையும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, நடுவில் குமிழி மிதக்கும் கருவி, அதன் பெயர் அது. கையடக்கமாக ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்றே, கொடுத்த காபியை ஆறவிட்டு ஜன்னல் விளிம்பில் அதை வைத்துப் பார்த்து, "இந்தப் பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்றவர். அப்பாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! அக்காவுக்கோ அந்த நிமிஷமே மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது. அவள் ரசனையைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பழைய வீடுகளின் குளியலறையையும் சமையலறையையும் பிரித்துப் புதிதாக்கித் தருகிற கண்ட்ராக்டர் அவர். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். கூட ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு தச்சர். எங்கள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிவது அவரால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முன்பெல்லாம் ஒரு வீட்டு வேலை முடியும்போதே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். பிறகு ஜனங்கள் பக்கத்து வீட்டைக் கேட்பதை விட்டுவிட்டு போனைக் கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கென்றே ஒரு ஆப். வீட்டுக்காரர்கள் தேடினால் கண்ட்ராக்டர்கள் வரிசையாக வருவார்கள். யாருக்கு நட்சத்திரம் அதிகமோ அவர் மேலே. எங்களுக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. நட்சத்திரம்தான் மருந்துக்குக்கூட இல்லை.

"பழைய ஆளுங்களுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை எழுதச் சொல்லுங்க மாமா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

"செஞ்ச வேலைக்குக் கூலி வாங்கியாச்சு மாப்ள. பாராட்டு வேற கேட்டு வாங்கணுமா?" என்று நெளிந்தார். சுவரை இடிக்கச் சொன்னால் தனியாளாக இடிப்பார். ஒரு உதவி கேட்கச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆக, ஈ ஓட்டினோம். கடைசியில் வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி அவரைச் சூப்பர்வைசராகக் கூப்பிட்டது. அடுத்த மாதம் வந்து சேரச் சொன்னார்கள். அவரும் தலையாட்டிவிட்டார். அவர் போனால் நாங்கள் ஆளுக்கொரு திசை. அக்கா அவரை லீவு நாளில்தான் பார்க்க முடியும். அவள் அழவில்லை, பாத்திரத்தை நங் நங்கென்று வைத்தாள். எங்கள் குடும்பத்தில் அது அழுகையைவிட மோசம்.

மறுநாள் அவளே களத்தில் இறங்கினாள். அவர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு படம், முடித்த பிறகு அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைத்திருப்பார். அதில் ஒரு குளியலறையைப் பொறுக்கி, "முன்", "பின்" என்று எழுதி, "உங்கள் வீட்டையும் இப்படி மாற்றித் தருகிறோம்" என்று தலைப்புக் கொடுத்து, ஆப்பில் போட்டாள். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அனுப்பியும் வைத்தாள்.

படங்களை மட்டும் இடம் மாற்றிப் போட்டுவிட்டாள்.

"முன்" என்ற இடத்தில் பளபளவென்று வெள்ளை டைல்ஸ். "பின்" என்ற இடத்தில் பாசி, துருப்பிடித்த குழாய், விளிம்பு உடைந்த வாஷ்பேசின். யாரோ ஒரு புண்ணியவான் அதை எடுத்து ஊரெல்லாம் பரப்பிவிட்டான். மத்தியானத்துக்குள் எங்கள் மானம் கப்பலேறியது. "பாசி உங்கள் செலவா, எங்கள் செலவா?" என்று ஒருவர். "எங்கள் வீட்டை ஏற்கெனவே ஒருத்தர் இப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்" என்று இன்னொருவர். நான் அவர்கள் பரம்பரையையே இழுத்து ஒரு பதில் அடித்தேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு படத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "இருந்த கொஞ்சப் பேரையும் கெடுத்துட்டேனே" என்றாள்.

மாமா வந்தார், பார்த்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "இவ்வளவு பாசி பிடிக்க எத்தனை வருஷம் ஆகும்! ஒரே வாரத்துல முடிச்சுக் குடுத்திருக்கேன் பாரு." அவர் சிரித்தாலும் முகம் நன்றாக இல்லை.

அக்கா படத்தை அழிக்கப் போன நேரத்தில் கீழே ஒரு பதில் வந்து விழுந்தது. அந்தக் குளியலறைக்குச் சொந்தக்காரரான டீச்சரம்மா, தன் வீட்டுப் பாசியைத் தானே அடையாளம் கண்டுபிடித்து எழுதியிருந்தார். "இது என் வீடு. படம் இடம் மாறியிருக்கிறது. இன்று எப்படி இருக்கிறது, பாருங்கள்." வாளி, ஈரத்துண்டு, பேரனின் பிளாஸ்டிக் வாத்து எல்லாவற்றோடும் ஒரு படம். ஐந்து நட்சத்திரம்.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. நாங்கள் மறந்தே போன வீடுகளெல்லாம் வந்தன. "கழுவாத பாத்திரத்தைப் பார்க்காதீர்கள், மேடையைப் பாருங்கள்" என்று ஒரு அம்மா. வேலை நடந்தபோது ஒவ்வொரு திருகுக்கும் சண்டை போட்டு எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிய ஒருவர், "இத்தனை வருஷமாகக் குறை தேடுகிறேன், இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுதினார். அந்த மனுஷனை நான் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு அவர் எதிரில் நின்றிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். கேட்காமலே இத்தனை பேர் எங்களுக்காகப் பேசினார்கள்.

சாயங்காலம் வந்தது ஒரு படம். சுவரில் ஒரு கம்பி, அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த வீடு எனக்கு நினைவிருந்தது. அந்த வீட்டுப் பெரியவருக்குக் கால் தடுமாறும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கலாம் என்று மாமா சொன்னதற்கு, "நான் என்ன நோயாளியா?" என்று சீறியவர். மாமா டிரில்லை எடுத்தார். ஆள் கனம் தாங்குகிற போல்ட்டைச் சுவருக்குள் ஆழமாக இறக்கி ஒரு கம்பியைப் பொருத்திவிட்டு, "துண்டு போடுறதுக்குங்க ஐயா" என்றார்.

அந்த வீட்டு அம்மா எழுதியிருந்தார்: "என் கணவர் கடைசி நாள்வரை இதைப் பிடித்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் தானே குளித்தார். துண்டுக் கம்பி என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அப்படியே சொன்னேன். உங்களுக்கு நன்றி சொல்ல இவ்வளவு நாளாகிவிட்டது."

அக்கா அதை உரக்கப் படித்து முடித்தபோது மாமா கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தார். ஒழுகாத குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும், "அந்தக் கம்பி ஆடுதான்னு போய்ப் பாத்துட்டு வரணும்" என்றார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய்விட்டு வந்தார். அவர் வருவதற்குள் புதிதாக இரண்டு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். "நல்ல வீட்டைப் பாசி வீடா மாத்துறவங்க நீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

"கம்பி ஆடுச்சா மாமா?"

"ஆடலை." செருப்பைக் கழற்றினார். "இப்ப அந்தம்மா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குளிக்கிறாங்களாம்."

கழற்றிய செருப்பை ஓரமாகச் சேர்த்து வைத்தார். பிறகு, "மாப்ள, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு நான் வரலைன்னு சொல்லிடு. நான் சொன்னா நெளிவேன்" என்றார்.

அக்கா உள்ளே பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தாள். நான் போனை எடுத்தேன். ஒருவரிடம் முடியாது என்று சொல்வதில் என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.