கரண்டிப் படம், மூன்றாம் பாகம்

தியேட்டர் மேனேஜர் வேலைக்கு முதல் தகுதி, எதிர் தியேட்டர் வாசலில் ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு தொங்கும்போது சிரித்த முகத்தோடு டீ குடிக்கத் தெரிவது. ஓசூரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்கு அது வரவில்லை. பக்கத்துக் கடைக் கூட்டத்தைப் பார்த்து வயிறு எரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

வண்டி விட இடம்

எதிர் தியேட்டருக்கு நாகராஜ் மேனேஜர். கிருஷ்ணகிரியில் ஒரே தியேட்டரில் டிக்கெட் கிழித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு சீனச் சண்டைப் படத்தின் தமிழ் டப்பிங் அவனுக்குத்தான் கிடைத்தது. ஹீரோ ஓட்டல் சமையல்காரன். கையில் இருக்கும் இரும்புக் கரண்டியாலேயே ரவுடிகளைப் பந்தாடுவான். படத்தின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊரே அதைக் ‘கரண்டிப் படம்’ என்றது. முதல் பாகம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகத்துக்கு, ஷிஃப்ட் முடிந்த கையோடு ஃபேக்டரி யூனிஃபார்மிலேயே வந்து வரிசையில் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் வந்தார். நானே எழுந்துபோய், “வாங்க சார், பால்கனியா?” என்றேன். அவர் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுச் சொன்னார்: “இல்லீங்க, எதிர்ல வண்டி விட இடமில்ல. உங்க பக்கம் எப்பவும் காலியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க.”

வீட்டிலும் ஒரு ரசிகை

இரண்டாம் பாகத்தை என் மனைவியும் பார்த்தாள். உத்தனப்பள்ளியிலிருந்து வந்திருந்த தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு, எனக்குத் தெரியாமல், அதே எதிர் தியேட்டரில். நாகராஜ் இடைவேளையில் அவர்களுக்குப் பப்ஸ் வேறு அனுப்பியிருக்கிறான். சேதி சொன்னது எங்கள் கேன்டீன்காரர். சாப்பிட உட்கார்ந்ததும், சும்மா கேட்பதுபோல “படம் எப்படி?” என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “படத்த விடுங்க. அங்க பாத்ரூம்ல தண்ணி வருது.”

யாருக்கு வைத்த கரண்டி

மூன்றாம் பாகம் வருகிறது என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் முதலாளி ஏற்கெனவே, தியேட்டரை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாமா என்று பேச ஆரம்பித்திருந்தார். சேலத்தில் விநியோகஸ்தர் ஆபீஸ் வாசலிலேயே தவம் கிடந்து படத்தை வாங்கிவிட்டேன். நாகராஜ் போட்டிக்கே வரவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பெங்களூரில் படம் முன்பே ரிலீஸாகியிருந்தது. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டினால் பார்த்துவிடலாம். ஜெயித்த பிறகு எதற்குப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன்.

வாசலில் பனைமரம்போல ஒரு தெர்மாகோல் கரண்டியை நிறுத்தினேன், சரியாக நாகராஜின் ஆபீஸ் ஜன்னலுக்கு நேராக. எங்கள் ஆபரேட்டர் அண்ணாந்து பார்த்தார். “இது படத்துக்கு வெச்சதா, அவருக்கு வெச்சதா?”

அடிக்காத ஹீரோ

முதல் காட்சி நிரம்பி வழிந்தது. விசிலில் கூரை அதிர்ந்தது. பிறகு படம் ஆரம்பித்தது.

ஹீரோ துறவியாகிவிட்டான். மலைமேல் ஒரு மடத்தில் காய் நறுக்குகிறான். வில்லன் ஆட்களோடு வந்தால், கும்பிட்டு ஆளுக்கொரு கிண்ணம் சூப் கொடுக்கிறான். இடைவேளைவரை ஓர் அடிகூட விழவில்லை. விசில் அடங்கி, இருமல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

குருபரப்பள்ளியிலிருந்து ஒரு கராத்தே மாஸ்டர் வேன் பிடித்து மாணவர்களைக் கூட்டிவந்திருந்தார். இடைவேளையில் என்னைத் தேடி வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாவு வீட்டில் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “முன்ன ரெண்டுலயும் சமையல்காரன் அடிச்சான் சார். இதுல சமைக்கிறான்.”

நாகராஜ் வாங்கிய டிக்கெட்

அந்த வாரமே கூட்டம் கரைந்துவிட்டது. ஒரு மதியக் காட்சியில் அங்கங்கே தெரிந்த தலைகளில் ஒன்று நாகராஜ். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தான். வேடிக்கை பார்க்க வந்துவிட்டான் என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. படம் முடியும்வரை காத்திருந்து வழிமறித்தேன்.

“பெங்களூர்ல ஏற்கெனவே பாத்துட்டதானே?”

“பாத்தேன். அதான் படத்தக் கேட்டு சேலம் போகல.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா நம்பியிருப்பியா? படம் உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு சொல்றேன்னுதான் நெனச்சிருப்ப.”

“அப்புறம் எதுக்குடா மறுபடியும் வந்த?” என்றேன்.

அவன் காலி ஹாலைத் திரும்பிப் பார்த்தான். நக்கல் எதுவும் அவன் முகத்தில் இல்லை. மெதுவாகச் சொன்னான்: “உங்க சவுண்ட கேக்க வந்தேன். சூப்பு கொதிக்கிறதுகூடத் தனியா கேக்குது. எத்தன தடவ கேட்டும் எங்க மொதலாளி இந்த மாதிரி ஸ்பீக்கர் வாங்கித் தரல.”

கரண்டிப் படத்தை வெள்ளிக்கிழமையே தூக்கிவிட்டோம், முதலாளியின் மண்டபப் பேச்சும் ஓயவில்லை, ஆனாலும் என்மேல் ஒருவன் பொறாமைப்பட்டதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்தது அந்த ஒரு படத்தில்தான்.