மேடம், அது உங்கள் கை இல்லை

ரீட்டா அக்கா இறந்துவிட்டார். நேற்று காலை, சாந்தோம் வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று அவர் மகன் ஃபோனில் சொன்னான்.

உங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆனால் அவர் கையைப் பார்த்திருப்பீர்கள்...

பாட்டிலுக்குச் சணல் சுற்றும் கை. தேங்காய் ஓட்டில் விளக்கு செய்யும் கை. நீலக்கல் மோதிரம் போட்ட கை. அடையாறில் ஒரு மாடியில் இருந்துகொண்டு, ‘எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம்’ என்று வீடியோ போடும் ஸ்டார்ட்அப். பெயரைச் சொல்லி விளம்பரம் தர மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நானும் அங்கே வேலை பார்த்தேன். கமெண்டுகளுக்கு ஓனர் மேடம் பேரில் பதில் எழுதுவது என் வேலை.

மேடம் கேமராவைப் பார்த்துச் சிரித்து, “வாங்க, இன்னிக்கு ஒரு க்யூட்டான பென் ஸ்டாண்ட் பண்ணலாம்” என்பார். அடுத்த ஷாட்டில் மேஜையும் இரண்டு கைகளும் மட்டும் தெரியும். அது மேடத்தின் கை என்று நீங்கள் நம்ப வேண்டும். உண்மையில் மேடத்துக்குப் பசை டப்பா மூடியைத் திறக்கவே ஆள் வேண்டும்.

மேடம் விரலில் இருப்பது நிஜ நீலக்கல். அதே மாதிரி ஒரு கவரிங் மோதிரத்தைப் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்கி ரீட்டா அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள். ஷூட் முடிந்ததும் மேடம் அதைக் கழற்றி வாங்கி, டிராயரில் வைத்துப் பூட்டுவார். கவரிங் மோதிரத்தை! என்ன ஒரு தாராள மனசு...

ரீட்டா அக்கா ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. மேனேஜர் ஒருமுறை டீ கப்பைக் கழுவச் சொன்னதற்கு, “கை கெட்டுப்பூடும் நைனா, நீயே கழுவிக்கோ” என்று சொல்லிவிட்டு நகத்துக்கு பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார்.

‘வேஸ்ட்டில் இருந்து பெஸ்ட்’ என்று ஒரு வீடியோ. பழைய ஜீன்ஸைப் பையாகத் தைக்க வேண்டும். ஆபீசில் யாரிடமும் பழைய ஜீன்ஸ் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தி.நகரில் புதிதாக ஒன்றை வாங்கி வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கினார்கள்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “இன்னாமா இது, புச்சு வாங்கியாந்து பழசாக்கி, அத்த வெட்டச் சொல்றீங்க... எங்கிட்ட குடுங்க, எம்பையன் போட்டுக்கினு காலேஜுக்குப் போவான்.”

“ரீட்டா, ப்ளீஸ், நெகட்டிவா பேசாதீங்க” என்றார் மேடம். ஜீன்ஸை வெட்டத்தான் வேண்டியிருந்தது. ஷூட் முடிந்ததும் அந்தப் பை குப்பைத்தொட்டிக்குப் போனது. வீடியோவுக்கு வைத்த தலைப்பு, ‘பூமியைக் காப்போம்’.

பிறகு கம்பெனியின் ஆண்டு விழா.

‘எங்கள் குடும்பம்’ என்று ஒரு வீடியோ எடுப்பதாகச் சொன்னார்கள். அக்கா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டி, பூ வைத்து வந்தார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். “இன்னிக்கு மூஞ்சி வரும்ல?” என்று என்னிடம் கேட்டார். வரும் என்றேன். கேமரா அவர் முகத்தை எடுத்ததை நானே பார்த்தேன்.

வீடியோ வெளியானது. மார்க்கெட்டிங் ஆட்கள், அக்கவுண்டன்ட், நான், படிக்கட்டில் படுத்துக் கிடக்கும் பூனை, எல்லோருக்கும் முகமும் பெயரும் இருந்தன. பூனைக்கு ‘ஹேப்பினஸ் மேனேஜர்’ என்று பதவி வேறு. ரீட்டா அக்கா எங்கேயும் இல்லை.

மறுநாள் நேராக மேடத்தின் அறைக்குள் போனார். “பூனைக்கு மூஞ்சி கீது, எனக்கு இல்லியா மேடம்? அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்ட்டு உக்கார வெச்சுக்கினு பாத்தேன். அசிங்கமாப்பூச்சு.”

“நீங்க நம்ம பிராண்டோட சீக்ரெட், ரீட்டா. சீக்ரெட்ட யாராவது வெளிய காட்டுவாங்களா?” சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வேலையை விடவில்லை. மகன் படித்துக்கொண்டிருந்தான், விட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஆபீசில் அவர் அதிகம் பேசவில்லை.

இன்று மேடம் ஒரு அஞ்சலி போட்டிருக்கிறார். ஒரு மெழுகுவர்த்திப் படம், ‘எங்கள் சப்போர்ட் ஸ்டாஃப் ரீட்டாம்மாவுக்கு’ என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே ஒரு லிங்க்... ‘அன்பானவர்களின் நினைவாக மெமரி பாக்ஸ் செய்வது எப்படி?’ அதைச் செய்யத் தேவையான பொருட்கள் அடங்கிய ‘கிட்’ கூட அவர்களிடமே கிடைக்குமாம்.

திறந்து பார்த்தேன். அந்தப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருப்பது அக்காவின் கை.

செத்துப்போன மனுஷியின் கையைக் காட்டி, அவர் சாவிலேயே வியாபாரம். இதற்கு மேல் ஒரு ஆள் கீழே இறங்க முடியுமா என்று தெரியவில்லை.

யாரோ ஒரு பெண் கமெண்ட் போட்டிருக்கிறார்: “மேம், உங்க கை எவ்ளோ அழகா வேலை செய்யுது!” அதற்கு மேடமோ, இப்போது என் சீட்டில் இருப்பவரோ, ஒரு ஹார்ட் விட்டிருக்கிறார்கள்.

“அது ரீட்டா அக்காவின் கை. நேற்று இறந்தவர் அவர்தான்” என்று கீழே எழுதினேன். அழித்தார்கள். மறுபடி எழுதினேன். பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி, இது என் பக்கம். இங்கே அழிக்க அவர்களால் முடியாது. கம்பெனி ரகசியம், அக்ரிமென்ட் என்று நோட்டீஸ் அனுப்புவதானால் தாராளமாக அனுப்பட்டும்.

இந்தப் பதிவோடு போட்டிருக்கும் ஃபோட்டோ ஆண்டு விழா அன்று காலையில் என் ஃபோனில் எடுத்தது. நான் ஃபோனைத் தூக்கியதும் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். “கை வாணாம்மா, மூஞ்சிய மட்டும் எடு.”

இவர்தான் ரீட்டா அக்கா. நன்றாகப் பாருங்கள்.

இன்று சாயங்காலம் சாந்தோம் சர்ச்சில் பூசை, அதன் பிறகு அடக்கம். மேடம் வர வேண்டாம்.

போய்ட்டு வாங்கக்கா... எல்லாரும் இப்ப உங்க மூஞ்சியத்தான் பாக்கறாங்க.