வெங்காய வேருக்கு டீ

சுபத்ரா நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். ஒரே செல்லுக்குள் இரண்டு உட்கருக்கள். நடுவே சுவரைக் காணோம். ஸ்லைடை நகர்த்தினாள். பக்கத்துச் செல்லும் அப்படித்தான். மாணவிகளுக்கு இன்று செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பக்கத்து ஊரான சேத்துப்பட்டைத் தாண்டிவிட்டாராம்.

ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்தால்தான் வேலை. எம்.ஃபில்லில் அவள் எடுத்ததே இந்தச் சுவரைத்தான். செடியின் செல் இரண்டாகும்போது நுண்ணிய பைகள் சுவருக்கான சரக்கைச் சுமந்து நடுவுக்கு வரும். சில புரதங்கள் பையோடு பையைப் பிடித்து ஒட்டவைத்துத் தட்டாக்கும். தட்டு முற்றினால் சுவர். கல்யாணத்தோடு ஆராய்ச்சி நின்றுபோனது. பாடத்தில் மட்டும் அந்தச் சுவர் வந்துபோய்க்கொண்டிருந்தது.

வெங்காயங்களை வேர்விட வைத்தது வீட்டில். நேற்றுக் காலை வேரை நறுக்கிப் பதப்படுத்தும் மருந்தில் போட்டபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கணவர் சக்கரவர்த்திக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, ஜன்னலாண்ட இருந்த வெங்காயத் தம்ளர்ல என்னா ஊத்துனீங்க?”

“முந்தாநேத்து தண்ணி வத்திப்போயி இருந்துது. தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்ட வந்தவங்களுக்கு டீ போட்டனே, அந்த டிக்காஷன் மிஞ்சிகினு இருந்துது. ஊத்திட்டேன். ரோஜாவுக்கு ஊத்தறோம் இல்ல?”

“அது ரோஜாவாங்க?”

“ஏன், வெங்காயம் டீ குடிக்காதா?” சக்கரவர்த்தி சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டீயில் காஃபீன் இருக்கிறது. அது வேரில் ஏறினாலும் பைகள் வரும், ஒட்டவும் ஒட்டும். ஆனால் தட்டு முற்றாமல் கலைந்துவிடும். புது வேர் விட நேரமில்லை. பழைய ஸ்லைடுகள் சாயம் போய்க் கிடந்தன. பேசாமல் இருந்துவிடலாமா? பெண்கள் புத்தகப் படத்தைத்தான் வரைவார்கள், சுவரோடு. தேர்வாளர் குனிந்து பார்க்காவிட்டால் தப்பித்தாள். பார்த்துவிட்டால்?

தேர்வாளர் பையை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். “சார், வேர்ல டீ கலந்துடுச்சு. ஸ்லைடுல சுவர் இல்ல.”

அவர் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். “இதையே வரையட்டும்மா. இல்லாத சுவரைப் போட்டா மார்க் கெடையாது. நீங்க எதுவும் சொல்லக் கூடாது.”

மணி அடித்தது. சுபத்ரா மேஜை மேஜையாக நடந்தாள். முதல் மேஜையில் பவித்ரா, மடமடவென்று ஒரு கோடு, சுவர். பக்கத்துப் பெண்ணும் சுவர். அதற்கடுத்தவளும். சுபத்ராவுக்கு வாயைத் திறக்கவும் வழியில்லை.

கடைசி மேஜை இனியா பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பத் திரும்ப லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தாள். “மேடம், நடுவுல ஒண்ணுமே காணோமே. ஸ்லைடு தப்பா?”

சுபத்ரா தேர்வாளரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கண்ணுக்கு என்னா தெரியுதோ அத வரைம்மா,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

தலைகள் ஒவ்வொன்றாக மறுபடி நுண்ணோக்கிக்குக் குனிந்தன. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம்.

பவித்ரா மட்டும் குனியவில்லை. படம் முடிந்த திருப்தியில் பாகங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். சுபத்ரா அந்த ஒரு கையையே பார்த்தபடி நின்றாள்.