கதவுக்கு மேலே பிரஸ்ஸல்ஸ்

பன்னிரண்டு மணிக்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுகிறார் தோனா டொமிதீலியா ஃபல்கான். பல்கலைக்கழக உணவகத்தில் அப்போதுதான் சூப்புக்கு உப்புப் போட்டிருப்பார்கள். போர்ச்சுகலின் இந்த அலென்தேஜு வட்டாரம் முழுக்க ஒரு மணிக்கு முன்னால் யாரும் கரண்டியைத் தொடுவதில்லை. "அதுக்குள்ள பசிச்சிடுச்சா?" என்று எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கையிலிருக்கும் ரொட்டித் துண்டால் கதவுக்கு மேலே காட்டுவார். "அங்க பாரு, பிரஸ்ஸல்ஸில மணி ஒண்ணு. நான் என்ன பண்ணட்டும்?"

கதவுக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம். போர்ச்சுகல் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. துப்புரவுக்கு வரும் பெண் ஒருமுறை நல்லெண்ணத்தோடு ஸ்டூல் போட்டு ஏறி அதைச் 'சரிசெய்து'விட்டாள். அன்றைக்கு அந்த மாடியில் கேட்ட சத்தத்தைப் பற்றி இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மறுநாளே கடிகாரத்துக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டப்பட்டது: 'இது பிரஸ்ஸல்ஸ். கை வைக்காதே.'

டொமிதீலியாவின் நாற்காலி கதவைப் பார்த்துப் போட்டிருக்கிறது. எதிரே உட்காரும் பேராசிரியர்களுக்குக் கடிகாரம் முதுகுக்குப் பின்னால். அதனால் என்ன, வாயால் சொல்ல டொமிதீலியா இருக்கிறார். கெடு நாள் வந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி, மாடி அதிர ஒரு குரல். "பிரஸ்ஸல்ஸில மூணு இருபது! எவனெவன் இன்னும் காப்பி குடிச்சிட்டிருக்கான்?" இப்படிப் பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் ஒரு மணியைக் கூட்டிக் கழிக்கும் பழக்கமே விட்டுப் போயிற்று. அந்த வேலையை மொத்தமாக டொமிதீலியா தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கோதுமைப் பேராசிரியர், இரண்டு வருடம் உழைத்த திட்டத்தைச் சாயங்காலம் நாலே முக்காலுக்குக் கொண்டுவந்தார், ஐந்துக்குத்தானே கெடு என்று. ஐந்துதான். ஆனால் அது பிரஸ்ஸல்ஸ் ஐந்து. விண்ணப்பம் வாங்கும் இணையதளம் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கதவைச் சாத்தியிருந்தது. மனிதர் அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கே மூலைச் சீனர் கடையில் நான்கு யூரோ கொடுத்துக் கடிகாரம் வாங்கி மாட்டினார் டொமிதீலியா. தன் கையால் போகும் எந்தக் கோப்பும் இனிமேல் தாமதமாகாது என்று அன்று எடுத்த சபதம்.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிதுதான். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஆராய்ச்சிக்கென்று பெரிய நிதி வைத்திருக்கின்றன. வேண்டும் என்பவர்கள் போட்டி போட வேண்டும். தனியாளாகப் போக முடியாது, குறைந்தது மூன்று நாட்டுக்காரர்கள் கைகோத்து வரவேண்டும். செய்யப்போவது என்ன, அதனால் யாருக்கு நன்மை என்பதை நாற்பத்தைந்து பக்கத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். நாற்பத்தாறாம் பக்கத்தை எந்தப் பரிசீலகரும் படிக்க மாட்டார். நூறு பேர் கேட்டால் பத்துப் பன்னிரண்டு பேர் வாங்கினால் பெரிது. இந்தக் கூட்டத்தையெல்லாம் மேய்த்துக் கொண்டுபோய் வாசலில் சேர்ப்பதுதான் டொமிதீலியாவின் உத்தியோகம்.

படிப்பு என்று பார்த்தால் தட்டச்சு. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் தட்டச்சராக வந்தவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒன்று. மூக்கில் இருப்பது எழுத்துக்கு, தலைமேல் இருப்பது மனிதர்களுக்கு. திருத்துவது பச்சை மையில். "செவப்புல திருத்தினா புரொபசருங்க முகம் சுருங்கிப் போகுது, பாவம்." மையில்தான் பாவம் பார்ப்பார், பேச்சில் கிடையாது. "இந்த ஒரு பக்கத்துல மட்டும் 'புதுமை' பதினாலு தடவை வருது. மீன்காரி கூட 'இப்பத்தான் பிடிச்சது'ன்னு ஒரு தடவைதான் சொல்றா. பதினாலு தடவை சொன்னா மீன் நாறுதுன்னு அர்த்தம், புரொபசர்!"

கூட்டாளிகளின் குணமெல்லாம் அத்துப்படி. ஹெல்சிங்கியில் இருப்பவர் எல்லாப் படிவங்களையும் மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட்டு அதோடு மூச்சு விடமாட்டார். இத்தாலியில், பதுவாவில் இருக்கும் அம்மாள் கடைசி நாள்வரை ஒரு தாளும் அனுப்பாமல், தினம் தொலைபேசியில் கூப்பிட்டு டொமிதீலியாவின் முட்டிவலியை விசாரிப்பார். "ரெண்டு பேருல எனக்குப் பிடிச்சது இவதான். என்ன, கையெழுத்து மட்டும் வந்து சேராது."

கெடு நாளன்று கைப்பையில் ஒரு ஆரஞ்சு வரும். வீட்டுக் கொல்லை மரத்தினுடையது. காலையிலேயே விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். மாலை ஐந்து அடித்த பிறகுதான், பிரஸ்ஸல்ஸ் ஐந்துதான், அதன் மேல் நகம் படும். தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்து, அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுளை. ஐந்து அடிக்கும் முன்னால் ஒருமுறை துணைவேந்தர் விளையாட்டாகக் கை நீட்டினார். அளவுகோலால் விரலில் ஒரு போடு வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது யாருக்கும் தெரியாது. கெடு நாள் காலையிலேயே, அதுவரை தயாராகியிருக்கும் பிரதியை டொமிதீலியா சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார். ஐந்து மணிவரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிய பிரதி அனுப்பலாம், கடைசியாகப் போனதுதான் கணக்கு. புதியது போகவில்லையென்றால் காலையில் போனதே நிற்கும். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடுவதில்லை. "சொன்னா அவ்வளவுதான். அஞ்சு மணி வரைக்கும் கமாவை எடுத்து எடுத்து வெப்பானுங்க." இதுவும் யாரிடமும் சொன்னதில்லை. தலைமேல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

இந்தப் பிப்ரவரியில் தக்கை மரத் திட்டம். ஒயின் புட்டியின் மூடித் தக்கைக்குப் பட்டை உரிக்கும் அந்த ஓக் மரங்கள், வேரழுகல் வந்து சமவெளி முழுக்கக் காய்ந்துகொண்டிருக்கின்றன. தலைவர் பேராசிரியர் பல்தசார் கிந்தேலா. நல்ல மனிதர்தான், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி வில்டை கட்டுவார், எல்லோருடைய பிறந்தநாளும் நினைவில் வைத்திருப்பார். ஆனால் மதியச் சாப்பாட்டில் கடைசியாக யார் பக்கத்தில் உட்கார்ந்தார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைக்கு அவருக்கு வேதம். திட்டத்தின் மூன்றாம் பகுதி, நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, ஆராய்ச்சியாளர் நோயேமியாவினுடையது. எட்டு வருடமாக வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவள். நானூற்றுப் பன்னிரண்டு மரங்களின் வேரைத் தன் கையால் தோண்டிப் பார்த்தவள். வரும் டிசம்பரோடு அந்த ஒப்பந்தமும் தீர்கிறது. மூன்றாம் பகுதி அவள் பெயரில் போய், திட்டமும் ஜெயித்தால் இன்னும் நான்கு வருட வேலை. இல்லாவிட்டால் லக்சம்பர்க்கில் அக்கா வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அக்கா அங்கே அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் நிறுவனத்தில் இருக்கிறாள்.

காலை பத்துக்கு டொமிதீலியா வழக்கம்போல் முதல் பிரதியை அனுப்பினார், மூன்றாம் பகுதியில் நோயேமியா பெயரோடு. ஆரஞ்சு தன் இடத்தில் உட்கார்ந்தது.

கடிகாரம் மூன்றே காலைக் காட்டும்போது கிந்தேலா சாப்பிட்டு முடித்து, கொத்துமல்லி வாசத்தோடு உள்ளே வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து படங்களின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நோயேமியாவை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"தோனா டொமிதீலியா, ஒரு சின்ன மாத்தம். மூணாம் பகுதியை நம்ம பிரான்ஸ் கூட்டாளி, அந்தத் துலூஸ்காரருக்குக் குடுத்திடலாம். பெரிய பேருங்க. பரிசீலகருங்க பேரைத்தான் பாப்பாங்களாம்."

"யாரு சொன்னா?"

"சாப்பிடறப்போ பேசிக்கிட்டாங்க."

"ஓஹோ, தட்டுல இருந்த கோழி சொல்லிச்சாக்கும். அந்தப் பகுதி இவளோடது, புரொபசர். எழுதினது இவ. தோண்டினது இவ."

அப்போதுதான் கிந்தேலா ஜன்னலைப் பார்த்தார். காது சிவந்தது. "நோயேமியா, நீ தப்பா எடுத்துக்காதம்மா. பேருக்குத்தான் அவரு. நமக்குத் திட்டம் ஜெயிக்கணும்ல?"

"வேலையும் துலூஸுக்குத்தானே போகும்?" என்றார் டொமிதீலியா. "வேலை போற இடத்துக்குத்தான் சம்பளம் போகும்."

"அடுத்த தடவை இவளுக்குன்னே ஒண்ணு போட்டுடலாம்."

"அடுத்த தடவைங்கறது எந்த மாசம் வருது? என் காலண்டர்ல அப்படி ஒரு கட்டம் இல்லையே."

நோயேமியாதான் பேச்சை முடித்தாள். "பரவால்லைங்க புரொபசர். மரம் பொழைச்சா சரி." சொல்லிவிட்டுக் குனிந்து எண்களைச் சரிபார்க்க ஆரம்பித்தாள். பதினேழாம் படத்தையே நாலு தடவை சரிபார்த்தாள். டொமிதீலியா மேசை இழுப்பறையை அறைந்து மூடினார். இந்தப் பெண் ஒரு தடவையாவது மேசையைத் தட்டிக் கத்தித் தொலைக்கக் கூடாதா!

கிந்தேலா மாற்றி எழுதத் தன் அறைக்குப் போனார். டொமிதீலியா இரண்டு பக்கம் திருத்தினார், பச்சைப் பேனாவை மூடினார், திறந்தார். பதுவாவிலிருந்து தொலைபேசி வந்தது. முட்டி எப்படி என்று கேட்டார்கள். "முட்டிக்கு ஒண்ணும் இல்ல, மனுசங்கதான்" என்று வைத்துவிட்டார்.

பிரஸ்ஸல்ஸில் நான்கு அடித்தது. மாடியில் அறிவிப்பு எதுவும் கேட்கவில்லை. நாலு பத்துக்கும் கேட்கவில்லை, நாலு இருபதுக்கும் கேட்கவில்லை. எதிர் அறைக்காரர் எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். "தொண்டை" என்றார் டொமிதீலியா.

நாலே முக்காலுக்குக் கிந்தேலா திரும்பி வந்தார், மடிக்கணினியோடு, நெற்றியெல்லாம் வேர்வையாக. கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அது போர்ச்சுகல் கடிகாரம்.

"மூணே முக்கால்தான் ஆகுது. முடிச்சிட்டேன், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிச்சிரட்டுமா? என்னமோ மனசுக்குச் சரியா படலை."

டொமிதீலியா அவரை நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைமேல் இருந்ததை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"படிங்க புரொபசர். நிதானமா படிங்க."

முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் 'நிதானமா' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. கிந்தேலா நன்றியோடு தலையாட்டிவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். படிக்கும்போது உதட்டை அசைப்பார். முதலில் துலூஸ்காரர் பெயர், அப்புறம் அவருடைய விருதுகள். விருதுகள் நிறைய இருந்தன.

டொமிதீலியா ஆரஞ்சை எடுத்தார். உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினார். காம்பு இருந்த இடத்தில் நகத்தை வைத்தார்.

உரியும் வாசம் அறையெங்கும் பரவியது. ஜன்னலோரம் நோயேமியா தலை தூக்கினாள். மேசையைப் பார்த்தாள், சுருள் சுருளாக இறங்கும் தோலைப் பார்த்தாள். ஐந்தாகிவிட்டதா என்ன? கதவுக்கு மேலே பார்த்தாள். நாலு ஐம்பத்தைந்து. பேராசிரியரின் முதுகைப் பார்த்தாள். அவர் இப்போதுதான் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். அவளுக்கு முகம் வெளுத்தது. நேர்மையான பெண், பாவம். எழுந்தாள், இரண்டு எட்டு வைத்து மேசையருகே வந்தாள், கடிகாரத்தைக் காட்ட விரலைத் தூக்கினாள், சொல்ல வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் டொமிதீலியா முதல் சுளையைத் திணித்தார்.