வண்டியில் கோளாறு இல்லை

அத்தானின் வண்டிக்கு அந்த ஹேண்டில்பாரை மாட்டியவன் நான்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மனசாட்சி, வெங்காயம் என்றெல்லாம் பேசுகிற ஆள் நான் இல்லை. கும்பகோணத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். பார்த்த வேலையைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

அக்காவை வலங்கைமான் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் குத்தகை விவசாயி. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டு ஆட்கள் உழுதது. மிராசுதாரரோ ஆட்சி மாறும்போதெல்லாம் காரில் கொடியையும் மாற்றிக்கொள்கிற கெட்டிக்காரர். குத்தகைதாரர் பதிவேட்டில் அத்தானின் பெயர் ஏறக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு அறுப்பு நாளில் அவருடைய ஆட்கள் வயலில் இறங்கினார்கள். கைகலப்பில் அத்தானின் வலது தோள் எலும்பு முறிந்தது. கட்டுப்போட்டு எலும்பு கூடிவிட்டாலும் கை முன்னால் நீளவில்லை.

அத்தான் பட்டறைக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"மாப்புள, ஹேண்டில எட்டிப் புடிச்சா உசுரு போவுது. வியாழக்கெழம குத்தகக் கேஸு வாய்தா. நான் போய்ச் சொல்லலன்னா நெலம் போச்சு. ஏதாச்சும் பண்ணு."

"பஸ்ல போயிடுங்களேன் அத்தான்."

"பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துல ஆளு போட்டு வச்சிருப்பான். ஒனக்கென்ன தெரியும்."

கடையில் ஒரு ஹேண்டில்பார் கிடைத்தது. மாட்டுக்கொம்பு போல உயர்ந்து, பிடி உடம்புப் பக்கம் வளைந்து வரும். கல்லூரிப் பசங்கள் ஸ்டைலுக்காக மாட்டுவது. அதை மாட்டினால் அத்தான் கையை நீட்டவே வேண்டாம். பழையதைக் கழற்றி இதை ஏற்றினேன். பார் உயர்ந்தால் கேபிள்களும் நீளமாக வேண்டும். கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் நீளக் கேபிள் இருந்தது. ஆக்ஸிலேட்டருக்கு இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். அடுத்த வாரம் வாய்தா முடிந்துவிடும். பழைய கேபிளையே டேங்குக்கு அடியில் வேறு வழியாக இழுத்து மாட்டினேன்.

நேராக இருந்தால் சரியாக இருந்தது. வலப்பக்கம் திருப்பினாலும் சரி. இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் கேபிள் விறைத்துக்கொண்டு, யாரும் முறுக்காமலே எஞ்சின் ரேஸ் ஆனது. பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

"எடப்பக்கம் முழுசா ஒடிக்காதீங்க அத்தான், தானா ரேஸ் ஆவும். நீளக் கேபிள் வந்ததும் மாத்திடலாம்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். வலி இல்லை. "அடேயப்பா, கலெக்டர் மாதிரில்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அவர் ஊரிலிருந்து வரும் பாதை வாய்க்கால் கரையோடு வந்து, மதகுப் பாலத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். ஹேண்டிலை முழுக்க ஒடிக்காமல் யாரும் அந்தப் பாலத்தில் ஏற முடியாது. அதில் நூறு தடவை போய் வந்தவன் நான். வண்டியைக் கொடுக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வரவில்லையே, நாசமாய்ப் போன புத்திக்கு.

வியாழக்கிழமை காலை வண்டி பாலத்தில் ஏறாமல் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. தண்ணீர் திறந்துவிட்ட சமயம், கரை முட்ட ஓடியது. ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் எங்கே நீந்துவார். பக்கத்து வயலில் மிராசுதாரரின் டிராக்டர் டிரைவர் சேறு அடித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் ஓடிவந்து குதித்து அத்தானை மேலே இழுத்துப் போட்டார். தண்ணீரை வெளியேற்ற, மண்டியிட்டு வயிற்றை அமுக்கியிருக்கிறார். எதிர்க்கரையில் நடவுக்கு வந்த பெண்கள் கண்டது அதைத்தான்: மிராசுதாரரின் ஆள், வாய்தா நாளன்று, அத்தானின் மேல் ஏறி அமுக்கிக்கொண்டிருக்கிறான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தானுக்கு மூச்சு நின்றிருந்தது. டிரைவரைக் கட்டி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைக் கரையில் ஏற்றியிருந்தார்கள். ஹேண்டில்பார் இடப்பக்கம் முழுக்கத் திரும்பியபடியே கிடந்தது. ஒரு பார்வையில் எனக்குப் புரிந்துவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் ஊரே நின்றது. விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம், மயங்கி மயங்கி விழும் அக்கா ஒரு பக்கம். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே வண்டி வேல பாத்தவன்? ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா?"

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார்."

பயத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம் பாதி. இது கொலை என்றால் ஊர் சும்மா விடாது, நிலம் அக்காவுக்கு நிற்கும், என் கைவேலை என்றால் நிலமும் போகும், நானும் போவேன் என்ற கணக்கு மீதி. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். பேருக்கு ஏற்றபடி பிரேக்கை அமுக்கிப் பார்த்தார், நன்றாகப் பிடித்தது, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் கொதித்துப்போனது. மறியல், ஊர்வலம். மிராசுதாரர் பயந்து இறங்கி வந்தார். வருஷம் திரும்புவதற்குள் அக்காவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. டிரைவர் பல மாதம் உள்ளே இருந்தார். சாட்சிகள் ஆளுக்கொன்றாகச் சொன்னதால் விடுதலையானார். வரும்போது ஒரு கால் இழுத்தது. மிராசுதாரர் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேறு யாரும் டிராக்டர் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் அக்காவைப் பார்க்கப் போனபோது, வாய்க்கால் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த டிரைவர் என்னைக் கண்டதும் எழுந்தார். தப்பிப் போக வழியில்லை.

"தம்பி, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்கி ஸ்டேஷன்ல வண்டில கோளாறு இல்லன்னீங்க. வேல தெரிஞ்சவரு, சரியாத்தான் சொல்லிருப்பீங்க. வண்டியும் நல்லாருந்து, ஆளும் நல்லா ஓட்டுற ஆளு. தூக்குறப்ப அவருக்கு மூச்சு இருந்துச்சு தம்பி. நாந்தான் அமுக்கத் தெரியாம அமுக்கிக் கொன்னுட்டனோ?"

அவரை அடித்தவர்கள் மீது அவருக்குக் கோபமில்லை. என் மீதும் இல்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லண்ணே, நீங்க இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினார். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. கேபிளைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் அக்கா தன் பெயரில் உள்ள வயலில் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு, வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நான்கைந்து வருஷம் கழித்து அவர் செத்துப்போனார். சாகும் வரை அந்தக் கேள்வியைத்தான் தன் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம்.